மாமா பேய்க்காட்டிய சனிக்கிழமை

நான் மூன்றாம் வகுப்புப் படித்த காலத்தில் எங்கள் வீட்டுக்குள் பகல் வருவதே இல்லை. ஒஸ்லோவில், அம்மருட் மேட்டில் நிற்கும் அடுக்குமாடிகளில் ஒன்றில் எட்டாம் மாடியில் இருந்தோம். யன்னல் நிறைய வெளிச்சம் வரக்கூடிய வீடுதான். ஆனால் அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடு இருந்தார். அவருக்குப் பாண் பேக்கரியில் இரவு வேலை. விடிந்த பிறகு வந்து வரவேற்பறைச் சோபாவில் படுப்பார். அவருடைய நித்திரைக்காக அம்மா தடித்த சீலையில் திரை தைத்துப் போட்டிருந்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வெளியே பனியின் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும். கதவைத் திறந்தால் உள்ளே மங்கலான இருட்டு, சுட்ட மாவின் மணம், மாமாவின் குறட்டை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு அந்த இருட்டுக்குள் நடப்பது எனக்குக் குளத்துக்குள் மெல்ல இறங்குவது போல இருக்கும்.

அம்மாவும் அப்பாவும் வேலையால் வர இன்னும் நேரம் கிடக்கும். அதுவரை என்னைப் பார்த்துக்கொள்வது மாமாவின் பொறுப்பு. எழும்பி முகம் கழுவி, எனக்குப் பாணில் பட்டர் பூசித் தந்து, தனக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, வீடியோ டெக்கில் ஒரு கசெற்றைத் தள்ளுவார். அதோடு அவருடைய பொறுப்பு முடிந்தது. மற்ற வீடுகளில் எல்லாம் டிவிடி வந்துவிட்ட பிறகும் மாமா அந்தக் கறுப்பு டெக்கை விடவில்லை. அவர் வைத்திருந்த மல்யுத்தக் கசெற்றுகளை வேறு எதிலும் போட முடியாது என்பதுதான் காரணம்.

மல்யுத்தம் என்றால் பதக்கம் கொடுக்கிற மல்யுத்தம் இல்லை. பளபளக்கும் காற்சட்டை போட்ட வெள்ளைக்காரர்கள், சுற்றிவரக் கயிறு கட்டிய மேடையில் ஒருவரை ஒருவர் தூக்கி எறிவார்களே, அது. எண்பதுகளின் கடைசியில் மாமா இளம் பெடியனாக நொர்வேக்கு வந்தபோது வடக்கே, கடலோரத்தில், ஒரு மீன் பக்டரியில் வேலை. தமிழ்ப் பெடியன்கள் எல்லாரும் ஒரே வீட்டில். வெளியே வாரக்கணக்காகச் சூரியன் எழும்பாது. உள்ளே ஒரு ரிவியும், செய்மதியால் வரும் இங்கிலிஷ் அலைவரிசையும், அதில் இந்த மல்யுத்தமும். ஒருவன் அதைப் பதிந்து வைத்தான். பிறகு ஆளாளுக்கு ஒஸ்லோ, துரொண்ட்ஹெய்ம் என்று பிரிந்து போனபோது ஒருவனிடமிருந்து ஒருவன் கொப்பி எடுத்தான், அந்தக் கொப்பியிலிருந்து இன்னொருவன் கொப்பி எடுத்தான். மாமாவின் கைக்கு வந்தது எத்தனையாவது கொப்பி என்று அவருக்கே தெரியாது.

அதனால் படம் ஒருவிதமாகத்தான் ஓடும். நிறங்கள் கரைந்து ஒன்றோடொன்று கலந்திருக்கும். சனங்கள் கத்துவது தூரத்துக் கடல் இரைவது போலக் கேட்கும். எல்லாவற்றையும் விட, மேடையில் நின்ற ஒவ்வொருவனுக்கும் வலப்பக்கத்தில் இன்னொருவன் நின்றான். அவனைப் போலவே, ஆனால் வெளிறிப்போன ஒருவன். இவன் கை தூக்கினால் அவனும் தூக்கினான். இவன் விழுந்தால் அவனும் சத்தமில்லாமல் கூடவே விழுந்தான்.

ஒருநாள் நான் மாமாவிடம், இவர்கள் உண்மையாகவே அடிபடுகிறார்களா என்று கேட்டேன். மாமா தேத்தண்ணியை ஊதியபடி, "எங்கை, உவங்கள் சும்மா பேய்க்காட்டுறாங்கள், பிள்ளை" என்றார்.

யாழ்ப்பாணத்துப் பேச்சில் பேய்க்காட்டுவது என்றால் ஏமாற்றுவது. அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் யாரும் அந்தச் சொல்லுக்குள் ஒரு பேய் இருக்கிறது என்று நினைத்துப் பார்ப்பதில்லை. நான் ஒஸ்லோவில் பிறந்தவள். எனக்குத் தமிழ் சொல் சொல்லாகத்தான் தெரியும். பேய் தெரியும். காட்டுவது தெரியும். ரிவியில் ஒவ்வொருவன் பக்கத்திலும் வெள்ளையாக ஒன்று நிற்பதும் தெரிந்தது. சந்தேகப்பட இடமே இருக்கவில்லை. இவர்கள் பேய்களைக் கொண்டுவந்து காட்டுகிறவர்கள், சண்டை அதற்கொரு சாட்டு என்று முடிவுகட்டிவிட்டேன்.

எனக்குப் பயம் வரவில்லை. சாதுவான பேய்கள். யாரையும் தொடாமல், சொன்னதைச் செய்துகொண்டு, தங்கள் ஆளைவிட்டு ஒரு கணமும் விலகாமல் நின்றன. நான் சண்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவற்றையே பார்க்கத் தொடங்கினேன். சில நாட்களில் பாணைக் கையில் வைத்தபடியே கண் சொருகிவிடும். பாதி நித்திரையில் அந்த வெளிறிய மனிதர்கள் ரிவியைவிட்டு இறங்கி எங்கள் கம்பளத்தில் மெல்ல நடப்பார்கள். இன்றைக்கும் என் சிறுவயது என்றதும் முதலில் வருவது அந்த நடமாட்டம்தான்.

மாமா பார்த்தது வேறு. அவருக்கு எல்லாக் கசெற்றிலும் இரண்டு பேர்தான் முக்கியம். ஒருவன் பொன் நிறச் சப்பாத்துப் போட்ட அழகன். அவனுக்கு மாமா வைத்த பெயர் பொன்னையா. மற்றவன் வண்டி வயிறு தள்ளிய கறுப்புக் காற்சட்டைக்காரன். வயிற்றை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு, சனங்களைப் பார்த்து முகத்தைச் சுளித்து, மேடை நடுவில் நின்று சீப்பை எடுத்துத் தலை இழுப்பான். அவன் பெயர் விதானையார். ஊரில் அரசாங்க அலுவலாக வீடு வீடாக வந்த விதானையார் ஒருவர் அப்படித்தான் நடப்பாராம். நான் பொன்னையாவின் பக்கம். மாமா விதானையாரின் பக்கம். இத்தனைக்கும் விதானையார் ஒரு கசெற்றிலும் வென்றதில்லை.

வெல்லாதவனை ஏன் பிடிக்கும் என்று நான் கேட்கவில்லை, மாமாவாகவே சொல்லிக்கொண்டிருப்பார். வெல்லுறதுக்கு என்ன, சும்மா நிண்டாக் காணும், அதுவே போதும், விழுறதுதான் வேலை என்பார். பொன்னையா எறியும்போது அந்தப் பொன்னையாவின் கழுத்து பிசகாமல் பிடித்துக்கொண்டு விழுகிறவன் விதானையார்தானாம். இரண்டு பேரும் கட்டிப் புரளும்போது விதானையார் தலைமயிரால் வாயை மறைப்பார். மாமா உடனே, "பார், இப்ப கதைக்கினம்" என்பார். அடுத்தது என்ன செய்வது என்று காதுக்குள் சொல்லிக்கொள்கிறார்களாம். பேய்களோடு கதைக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. சின்னப் பிள்ளைக்கு அடிபிடி காட்டக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அம்மாவின் சாவி கதவில் திரும்பும் சத்தம் கேட்டால் டெக் நின்றுவிடும், திரை விலகிவிடும், என் மடியில் ஒரு பாடப்புத்தகம் வந்துவிடும். மாமா எதையும் சொல்லாதே என்று என்னைக் கேட்டதில்லை. எனக்குத் தானாகவே விளங்கியிருந்தது.

அந்த வருடம் கோடையில் மாமாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. வந்தது என்று சொல்கிறேன், அன்று எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அதற்கு முன்பு அம்மா கொண்டுவந்த படங்களை எல்லாம் மாமா பார்க்காமலே மேசையில் வைத்துவிடுவார். இந்த முறை ஒன்றும் சொல்லாமல் இருந்தார். அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் ஒரு புதுச் சுறுசுறுப்பு. மாமா அயன் பெட்டியைச் சூடாக்கித் தன்னுடைய சேட்டைத் தானே மினுக்கினார். பிறகு திருப்தி இல்லாமல் திரும்பவும் மினுக்கினார். தலை முன்பக்கம் கொட்டியிருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். கொஞ்சம் என்றேன். அதற்குப் பிறகு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

பெண் வீட்டார் துரொண்ட்ஹெய்மில் இருந்தார்கள். கோயில் தேருக்கு ஒஸ்லோ வருகிறவர்கள், அப்படியே எங்கள் வீட்டிலும் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள் என்பது ஏற்பாடு. யாரும் பெண் பார்க்கவில்லை, யாரும் மாப்பிள்ளை பார்க்கவில்லை. தற்செயலாக வருகிறார்கள். தற்செயலாக வருகிறவர்களுக்காக அம்மா முதல்நாளே றோல்ஸ் சுற்றி வைத்து, வடைக்கு ஊறப்போட்டு, யன்னல் கண்ணாடிகளைத் துடைத்து, அந்தத் தடித்த திரையைக் கழற்றித் தோய்த்தும் போட்டார்.

எனக்கும் பாடம் நடந்தது. வருகிற அந்தப் பெண்ணை அக்கா என்று கூப்பிடக் கூடாது. அக்கா என்றால் முறை பிழைத்துவிடும், எனக்கு மாமா என்றால் அவவுக்கும் மாமாவாகிவிடுவார். மாமி என்றும் கூப்பிடக் கூடாது. அது அவசரப்பட்டதாகிவிடும். அப்போ எப்படிக் கூப்பிடுகிறது என்று கேட்டேன். "ஒண்டும் சொல்லிக் கூப்பிடாதை. சிரி, காணும்" என்றார் அம்மா. அம்மா இல்லாத இடத்தில் எழுதுகிறேன் என்பதால் இங்கே அக்கா என்றே சொல்லிவிடுகிறேன்.

தேர் நாள் சனிக்கிழமை. காலையில் மாமா வேட்டி கட்டி வடம் பிடித்தார். முதுகு வேர்த்து, நெற்றியில் திருநீறு கரைந்து வழிய, அவர் அவ்வளவு சந்தோசமாக நின்றதை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து குளித்து, புதிதாகத் திருநீறு பூசி, இரண்டு தரம் மினுக்கிய அந்தச் சேட்டைப் போட்டுக்கொண்டார். பின்னேரம் நல்ல வெயில். திரை இல்லாத வீடு எனக்கு யாருடைய வீடோ போல இருந்தது.

அவர்கள் மூன்று பேர் வந்தார்கள். அக்காவின் அப்பா மீசையும் கனத்த குரலும் உள்ளவர். அக்காவின் அம்மா வந்தவுடனேயே வீட்டை ஒருமுறை கண்ணால் சுற்றிவிட்டு அம்மாவின் வடையைப் புகழ்ந்தார். அக்கா பச்சைச் சேலையில், மேசையின் ஓரக் கதிரையில் உட்கார்ந்தார். பாலர் பள்ளியில் வேலை செய்கிறவர் என்று அம்மா சொல்லியிருந்தார். என்னைப் பார்த்து, என் ஒரு பக்கப் பின்னலின் நாடா அவிழ்ந்திருப்பதைக் கண்ணால் காட்டினார். அந்த இடத்திலேயே நான் அவர் பக்கம் சேர்ந்துவிட்டேன். இவர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

பெரியவர்கள் வெயிலைப் பற்றியும் துரொண்ட்ஹெய்ம் பாதையில் நடக்கும் வீதி வேலையைப் பற்றியும் கதைத்தார்கள். அது முடிந்ததும் கதை இல்லாமல் போயிற்று. இப்படியான நேரத்தில் எல்லா வீட்டிலும் செய்வதைத்தான் அக்காவின் அப்பாவும் செய்தார். சின்னப் பிள்ளையிடம் திரும்பினார்.

"பிள்ளை பள்ளிக்கூடத்தாலை வந்தா வீட்டிலை ஆர் நிக்கிறது?"

"மாமா" என்றேன்.

"மாமா நல்லவரோ? என்ன செய்யிறவர்?"

எனக்குப் பெருமை பொங்கியது. மாமாவுக்காக நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டிய இடம் இது என்று விளங்கியது.

"மாமா பேய்க்காட்டுறவர்" என்றேன்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். போதாதோ என்று நினைத்து, "ஒவ்வொரு நாளும் பேய்க்காட்டுறவர். அம்மாவுக்குத் தெரியாது" என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அக்காவின் அப்பாவுடைய கோப்பை வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது. அக்காவின் அம்மா என் அம்மாவைப் பார்த்தார். அம்மா மாமாவைப் பார்த்தார். மாமாவின் காது இரண்டும் சிவந்துபோயின. என் அப்பாதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பிள்ளைக்குத் தமிழ் பத்தாது என்று கம்பளத்தைப் பார்த்துச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. நான் தமிழ்ப் பள்ளியில் முதல் வரிசையில் இருப்பவள்.

அப்போது அக்கா கதிரையில் முன்னுக்குச் சாய்ந்து, முழுச் சீரியசாக, "என்ன மாதிரிப் பேய்?" என்று கேட்டார். வெள்ளைப் பேய் என்றேன். எங்கே இருக்கிறது என்றார். டெக்குக்குள் என்றேன்.

"எனக்கும் காட்டுவீங்களோ?"

அந்தக் கேள்வியோடு வீடே மூச்சுவிட்டது. பெரியவர்கள் எல்லாரும் தேவைக்கு மேலாகச் சிரித்தார்கள். காட்டு காட்டு என்று அம்மா மாமாவுக்குக் கண்ணால் சொன்னார். பெண்ணும் மாப்பிள்ளையும் பக்கத்தில் இருந்து நாலு வார்த்தை கதைக்க ஒரு சாட்டுத் தானாக வந்து விழுந்திருக்கிறது, யார்தான் விடுவார்கள்? மாமா கசெற்றைப் போட்டார். நானும் அக்காவும் மாமாவும் ரிவியின் முன்னால் கம்பளத்தில் உட்கார்ந்தோம். பெரியவர்கள் மேசையில் இருந்தபடி எங்களைப் பார்க்காதவர்கள் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெயில் நேராக ரிவியில் விழுந்ததில் படம் இன்னும் வெளிறியிருந்தது. பொன்னையாவும் விதானையாரும் வெளிச்சத்துக்குள் கரைந்து கரைந்து வெளியே வந்தார்கள். நான் ஒவ்வொரு பேயாகக் காட்டினேன். அக்கா ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம், தெரியுது என்றார். அந்தப் பேய்களை என்னோடு சேர்ந்து பார்த்த ஒரே மனிதர் அவர்தான். கொஞ்ச நேரத்தில் அக்காவின் ஓம் வருவது நின்றது. திரும்பிப் பார்த்தேன். அக்கா முன்னுக்கு விழுந்த தலைமயிரைக் காதுக்குப் பின்னால் எடுத்துவிடுவது போலக் கையை முகத்தருகே வைத்துக்கொண்டு மாமாவிடம் ஏதோ சொன்னார். சின்னதாகத்தான் சொன்னார். மாமா ரிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். விதானையார் விழுந்து எழும்பி, திரும்பவும் விழும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உதடு அசையாமல் அவரும் ஏதோ சொன்னார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

கதைக்கிறார்கள், சிநேகமாகிவிட்டார்கள் என்று எனக்கு ஒரே சந்தோசம், ஒரே புளுகம். இனி மாமி என்றே கூப்பிடலாம்.

"பிள்ளை, சத்தத்தைக் கூட்டு" என்றார் மாமா.

றிமோட் என் கையில் இருந்தது. கூட்டினேன். மேசையில் அக்காவின் அப்பா அப்போதுதான், "அப்ப தம்பி, இந்தத் தேர் அலுவல் எல்லாம்..." என்று தொடங்கியிருந்தார். மாமா திரும்பவில்லை. இன்னும் கூட்டு என்றார். சனங்களின் இரைச்சலில் அக்காவின் அப்பாவுடைய வசனம் காணாமல் போனது. அம்மா மாமாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதுவும் காணாமல் போனது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பல தரம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மாமா எழும்பினார். வயிற்றை முன்னுக்குத் தள்ளினார். அவருக்கு வயிறே கிடையாது, இருந்தாலும் எப்படியோ ஒன்றைத் தள்ளினார். வரவேற்பறை நடுவில் நின்று, பின் பொக்கெற்றிலிருந்து சீப்பை எடுத்து ஆறுதலாகத் தலை இழுத்தார். விதானையாரின் நடை. எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவைப் பார்த்தேன், அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா தனிச் சோபாவில் விழுந்து, பெரியவர்களின் பலகாரத் தட்டு இருந்த கண்ணாடி மேசையில் இரண்டு காலையும் தூக்கிப் போட்டார். பாதம் இரண்டும் அக்காவின் அப்பாவின் முகத்துக்கு நேரே.

"மீன் வெட்டத் தெரியுமோ?" என்று கேட்டார். அக்காவை இல்லை, அக்காவின் அப்பாவை.

தான் திரும்பவும் வடக்கே மீன் பக்டரிக்குப் போகப் போவதாகவும், வருகிறவ அங்கே கூட நின்று மீன் வெட்ட வேண்டும் என்றும் சொன்னார். கோயில் குளம் என்று தான் எங்கும் போவதில்லை என்றும் சொன்னார். காலையில் வடம் பிடித்த கைகளைத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, நெற்றி நிறையத் திருநீற்றோடுதான் அதைச் சொன்னார். அந்த நேரம் அதைக் கவனிக்க அங்கே யாருக்கும் நிதானம் இருக்கவில்லை. கடைசியாக, தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்று அம்மாவைப் பார்த்துக் குரல் வைத்தார்.

அக்காவின் அப்பா எழும்பினார். முகம் கறுத்துப்போயிருந்தது. "வாங்கோ" என்று மனைவியையும் மகளையும் கூப்பிட்டார். என் அப்பா பின்னாலேயே போய் ஏதோ சொல்லிப் பார்த்தார். கதவடியில் எல்லாரும் குனிந்து சப்பாத்துப் போட்டார்கள். எங்கள் ஆட்கள் எந்தக் கோபத்திலும் போயிட்டு வாறம் என்றுதான் சொல்லுவார்கள். அக்காவின் அப்பா போறம் என்றார். அக்காவின் அம்மா அதையும் சொல்லவில்லை. அக்கா மட்டும் கடைசியாக நின்று அம்மாவின் கையைப் பிடித்து, "போயிட்டு வாறன்" என்றார். மாமாவின் பக்கம் திரும்பவே இல்லை. அம்மா அழத் தொடங்கிவிட்டார்.

கதவு மூடியதும் அம்மா மாமாவைப் பிடித்துக்கொண்டார். உனக்கென்ன விசர் பிடிச்சிட்டுதோ என்று தொடங்கி, அந்த மனிசன்ரை முகத்திலை இனி எப்பிடி முழிக்கிறது என்று போய், கடைசியில் குரல் உடைந்து, "ரண்டு வரியமா அந்தப் பிள்ளையை விசாரி விசாரியெண்டு என்ரை உயிரை எடுத்தது நீதானேடா" என்றார். யாரோ ஒருவருடைய கலியாண வீட்டில் அக்கா பந்தியில் பரிமாறிக்கொண்டு நின்றதை மாமா கண்ட நாளிலிருந்து அம்மாவுக்கு இதே தொல்லையாம். மாமா காலை மேசையிலிருந்து இறக்கினார். இனி உனக்கென்று ஒருவரிடமும் போய்க் கேட்கமாட்டேன் என்று அம்மா சொன்னார், அப்படியே கேட்கவும் இல்லை.

கதை ஒஸ்லோத் தமிழர்களுக்குள் ஒரு கிழமையில் பரவி முடிந்தது. மீன் வெட்டத் தெரியுமோ என்பது சில காலம் எங்கள் ஆட்களின் வீடுகளில் பகிடியாகவே இருந்தது. மாமாவுக்கு அதற்குப் பிறகு ஒரு சம்பந்தமும் வரவில்லை. அவர் பிறகு குரோருட்டில் தனி அறை எடுத்துப் போனார். இன்றைக்கும் தனியாகத்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குச் சூடான பாண் கொண்டுவருவார். அம்மா அவரோடு சரியாகக் கதைக்கத் தொடங்க ஒரு வருடம் எடுத்தது.

நான் படிப்பதற்காகத் துரொண்ட்ஹெய்ம் போனபோது, தமிழ்ச் சனங்கள் கூடிய ஒரு பொங்கல் விழாவில் அக்கா என்னைக் கண்டுபிடித்துவிட்டார். முகத்தை வைத்து இல்லை, யாருடைய பிள்ளை என்று விசாரித்து. நீர்தானே பேய் காட்டின பிள்ளை என்று கட்டிப்பிடித்தார். வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனார். கணவர் உயரமான நொர்வேஜியர், என்னை 'வாங்கோ' என்று வரவேற்றுவிட்டுப் பிள்ளைகளோடு பனியில் விளையாடப் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது அக்கா தானாகவே சொன்னார்.

அன்றைக்கு வருவதற்கு முன்பே வீட்டில் தீர்மானமாகிவிட்டதாம். இந்தப் பெடியன் ஓம் என்றால் முடிந்த அலுவல், இனி உன்ரை சாட்டொன்றும் கேட்கமாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டாராம். இந்த நொர்வேஜியரைப் பற்றி வீட்டில் வாய் திறக்க அக்காவுக்கு அப்போது துணிவில்லை.

"எனக்கொரு ஆள் இருக்கிறார், நீங்கள் வேண்டாமெண்டு சொல்லுவீங்களோ எண்டு கேட்டன். அதுக்கு உங்கடை மாமா, வேண்டாமெண்டு சொன்னாக் காணாது, அப்பா தானா எழும்பிப் போகவேணும், நான் பாத்துக்கொள்ளுறன், நீங்கள் சிரிச்சுப்போடாதேங்கோ எண்டவர்."

அக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இப்படிப்பட்ட ஒருவனிடம் மகளைக் கொண்டுபோய் நிறுத்தினேனே என்ற வெட்கத்தில் அவருடைய அப்பா நெடுங்காலம் கலியாணப் பேச்சே எடுக்கவில்லையாம். அந்த அவகாசத்தில்தான் அக்கா துணிவை வரவழைத்துக்கொண்டாராம். கடைசியில் நொர்வேஜியரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, அந்த அம்மருட் காவாலியோடு பார்க்க இவன் தங்கம் என்று அப்பா சொன்னாராம்.

"உங்கடை மாமாவுக்கு என்னை முன்பின் தெரியாதுதானே. அதாலைதான் எனக்குக் கேக்கக்கூடியதா இருந்தது" என்றார் அக்கா. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாமா கலியாணம் கட்டிவிட்டாரா என்று கேட்டார். வெங்காயம் எனக்கும் கரித்தது. இல்லை என்று மட்டும் சொன்னேன். அம்மா அன்று கத்திச் சொன்னதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இனிச் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது? அன்று என் அறைக்குத் திரும்பும்போது பஸ் யன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

அந்தச் சனிக்கிழமையில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அம்மா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்பா கோப்பைகளை அடுக்கினார். மாமா பல்கனிக்குப் போனார், நானும் பின்னாலே போனேன். கோடைப் பின்னேரத்தின் வெளிச்சம் பள்ளத்தாக்கு முழுவதும் மஞ்சளாகப் பரவிக் கிடந்தது. கீழே தரிப்பிடத்தில் அவர்களுடைய சிவப்புக் கார். அக்கா பின் கதவைத் திறந்து ஏறுவது தெரிந்தது, பச்சைச் சேலையின் தலைப்பை உள்ளே இழுத்துக்கொண்டார். கார் மேட்டால் மெல்ல இறங்கி, பிர்ச் மரங்களுக்குப் பின்னால் மறைந்து, திரும்பவும் தெரிந்து, பெரிய தெருவில் ஏறி மற்றக் கார்களோடு கலந்தது. எனக்கு மாமாவில் சரியான கோபம். எனக்குப் பிடித்த ஒரு ஆளை அவர் துரத்திவிட்டார்.

"போயிட்டினமோ?" என்று கேட்டேன்.

"ஓம். போயிட்டினம்" என்றார் மாமா.

நான் உள்ளே வந்துவிட்டேன். பிறகு ஒரு தரம் எட்டிப் பார்த்தேன். மாமா கம்பியைப் பிடித்தபடி அதே இடத்தில், அந்தத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்கள் திரும்பி வந்துவிடுவார்களோ என்று பயந்துபோய் நிற்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.